மேலாண்மை விருப்பப்பாடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பொறியியல் தொழில்நுட்ப முதுநிலை மாணவர்களுக்கு

பாடப்பட்டியலைக் கையில் எடுத்ததும் 'மேலாண்மை அறிமுகம்', 'வணிகத்தின் அடிப்படைகள்' என்ற பெயரில் வரும் பாடங்களை முதலில் அடித்துவிடுங்கள். பொறியியல் தொழில்நுட்பத்தில் முதுநிலை படிப்பவருக்கு மேலாண்மைப் பக்கம் எட்டிப் பார்க்க இரண்டு இடம் கிடைக்கும், மிஞ்சினால் மூன்று. மீதியைத் துறைப்பாடங்களும் ஆய்வேடும் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு மூன்றில் ஒன்றை, வாரத்துக்கு ஒரு தலைப்பைத் தொட்டுவிட்டு ஓடும் பாடத்துக்குக் கொடுத்தால் பரீட்சை முடிந்ததும் கையில் ஒன்றும் நிற்காது.

நான் உற்பத்திப் பிரிவில் பொறியாளராக இருந்தவன். இப்போது இயந்திரம் வாங்கக் கேட்டு வரும் முன்மொழிவுகளைப் பரிசீலிக்கும் குழுவில் உட்காருகிறேன். ஆள் எடுக்கும் நேர்காணல்களிலும் இருக்கிறேன். மேசையின் இந்தப் பக்கமிருந்து பார்த்தால், இளம் பொறியாளர்கள் தொழில்நுட்பத்தில் திணறுவது அபூர்வம். நிதிப் பிரிவிலிருந்து ஒருவர் "போட்ட பணம் எப்போது திரும்பும்? அந்தச் சேமிப்பு எந்தக் கணக்கில் தெரியும்?" என்று கேட்டவுடன்தான் குரல் இறங்கிவிடும். அதனால் பாடம் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே அளவுகோல். இன்று உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி எது? அதற்குப் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து விடை எழுத வைக்கிற பாடத்தை எடுங்கள். பாடத்தின் பெயர் எப்படியும் இருக்கட்டும், அதில் தரும் வீட்டுவேலை என்ன என்று பாருங்கள்.

முதல் இடம் கணக்குக்கு

ஒரே ஒரு பாடம்தான் எடுக்க முடியும் என்றால், மேலாண்மைக் கணக்கியல் எடுங்கள். செலவுக் கணக்கியல் என்ற பெயரிலும் இருக்கும். நிதிக் கணக்கியல் வேறு. அது நிறுவனத்துக்கு வெளியே இருக்கிற பங்குதாரர், வங்கி, வரித்துறைக்கு அறிக்கை தயாரிக்கும் கலை. லூக்கா பச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் விளக்கிய, ஒவ்வொரு பரிமாற்றத்தையும் இரண்டு கணக்கில் எழுதும் இரட்டைப் பதிவு முறைதான் இன்றும் அதன் முதுகெலும்பு. படித்தால் நல்லதுதான். ஆனால் ஓர் உதிரிபாகத்தைச் செய்ய உண்மையில் என்ன செலவாகிறது என்ற கேள்விக்கு அது நேராக விடை சொல்லாது. மேலாண்மைக் கணக்கியல் சொல்லும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டறையில் இரண்டு பாகங்கள் தயாராகின்றன. முதல் பாகம் மாதம் 900, இரண்டாவது 100. ஒவ்வொன்றுக்கும் இயந்திர நேரம் ஒன்றுதான். மாத ஓவர்ஹெட், அதாவது எந்தப் பாகத்தோடும் நேராக ஒட்டாத பொதுச் செலவு, 2,00,000. அது முழுவதும் இயந்திரத்தை ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிச் செட்டப் செய்வதற்கே போகிறது. பழைய முறையில் மொத்தத்தை 1,000 பாகங்களால் வகுத்தால் ஆளுக்கு 200. இரண்டும் சமம் என்று தோன்றும். இப்போது செட்டப்பை எண்ணுங்கள். முதல் பாகத்துக்கு மாதம் 2 செட்டப், இரண்டாவதற்கு 8. மொத்தம் 10 செட்டப், ஒன்றுக்கு 20,000. முதல் பாகத்தின் தலையில் 40,000 விழுகிறது. ஒன்றுக்கு ஏறக்குறைய 44. இரண்டாவதன் தலையில் 1,60,000, ஒன்றுக்கு 1,600.

அதே பட்டறை, அதே செலவுதான். பங்கு பிரித்த விதம் மாறியதும், லாபம் தருவதாக நினைத்த பாகம் கையைக் கடிக்கிறது. 1980-களில் ராபின் கூப்பரும் ராபர்ட் கப்லானும் பரவலாக்கிய நடவடிக்கைவாரிச் செலவுக் கணக்கின் சாரம் இதுதான். செட்டப் நேரத்தைக் குறைக்கும் திட்டத்தோடு வரும் பொறியாளருக்கு இந்தக் கணக்கைப் போல உதவுவது வேறில்லை. செட்டப் நேரத்தைப் பாதியாக்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னால் குழு தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். இரண்டாவது பாகத்தின் அடக்கவிலை எவ்வளவு இறங்குகிறது என்று எழுதினால் பேனாவை எடுப்பார்கள். கணக்குத் தெரிந்தவர் அங்கே இன்னொன்றும் கேட்பார்: செட்டப் ஆட்களின் சம்பளம் உண்மையிலேயே குறையுமா, இல்லை அவர்கள் சும்மா நிற்கும் நேரம் கூடுமா? இந்தக் கேள்விக்கும் பதில் அதே பாடத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது முதலீட்டுக் கணக்கு. இளநிலையில் பொறியியல் பொருளாதாரம் படித்திருந்தால் அதையே முதுநிலைப் பாட எண்ணில் திரும்ப எடுக்க வேண்டாம். நிறுவன நிதியியல் எடுங்கள். இரண்டிலும் நிகர நிகழ்கால மதிப்பு வரும்: பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு இறக்கி, போட்ட பணத்தைக் கழிக்கும் கணக்கு. வட்டி விகிதத்தை முதல் பாடத்தில் ஆசிரியர் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுவார். இரண்டாவதில் அந்த விகிதம் எங்கிருந்து வருகிறது என்று தோண்டுவார்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது. 10,00,000-க்கு ஓர் இயந்திரம், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 3,00,000 மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றேகால் ஆண்டுக்குச் சற்று மேலே போட்ட பணம் திரும்பிவிடும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. 12 சதவீதத்தில் கணக்கிட்டால் ஐந்தாண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 10,81,000, இயந்திரம் வாங்கலாம். நிறுவனம் 16 சதவீதம் எதிர்பார்க்கிறது என்றால் அது சுமார் 9,82,000-ஆக இறங்கும், வாங்கக் கூடாது. இயந்திரத்தில் ஒரு திருகுகூட மாறவில்லை. விகிதத்தை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று தெரியாமல் குழுவுக்குள் வருகிறவருக்கு முன்மொழிவு ஏன் திரும்பி வந்தது என்பதே புரிவதில்லை. பாரபட்சம் என்று நினைத்துக்கொள்வார்.

தேய்மானமும் இங்கேதான் பிடிபடும். அது கையை விட்டுப் போகும் பணமல்ல, ஆனால் வரியைக் குறைக்கும். பொறியாளர்கள் எழுதும் முன்மொழிவுகளில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. அதைச் சேர்த்து எழுதுகிறவரை நிதிப் பிரிவு மறப்பதில்லை.

ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி வாங்காதீர்கள்

உற்பத்தி மேலாண்மை, தர மேலாண்மை, சப்ளை செயின் மூன்றும் பொறியியல் மாணவர்களை இழுக்கும் பாடங்கள். பழகிய நிலம், மதிப்பெண் எளிதாக வரும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் இங்கேதான். உற்பத்தி தடம் மாறுகிறதா என்று காட்ட ஷூவார்ட் 1924-இல் கண்டுபிடித்த கட்டுப்பாட்டு வரைபடத்தையும், 1986-இல் மோட்டோரோலாவில் தொடங்கிய குறை குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மாவையும், பத்து லட்சம் வாய்ப்புக்கு 3.4 குறை என்ற எண்ணையும் துறைப்பாடத்திலேயே படித்திருப்பீர்கள். வணிகத்துறை எண் போட்டு அதையே மறுபடி படிப்பதால் சான்றிதழில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

சரக்கு ஓட்டத்தையும், காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டையும் ஆழமாகத் தொடும் பாடமாக இருந்தால் மட்டும் எடுங்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: பாடத்திட்டத்தில் லிட்டில் விதி இருக்கிறதா? ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. நடுவழியில் நிற்கும் சரக்கு என்பது வெளியேறும் வேகத்தை ஒரு பாகம் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கியது. தளத்தில் 120 பாகங்கள் நிற்கின்றன, நாளுக்கு 20 வெளியே போகின்றன என்றால், இன்று உள்ளே நுழையும் பாகம் சராசரியாக ஆறு நாள் கழித்துத்தான் வெளிவரும். யார் எவ்வளவு கத்தினாலும் ஆறு நாள்தான். இயந்திரத்தை எவ்வளவு நெருக்கி ஓட்டலாம் என்ற கணக்கும் வர வேண்டும். வேலை வருவதும் முடிவதும் ஒழுங்கில்லாமல் இருக்கும் எளிய மாதிரியில், இயந்திரம் 80 சதவீத நேரம் ஓடினால் காத்திருப்பு ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு. 90-க்கு ஏற்றினால் 9 மடங்கு, 95-இல் 19 மடங்கு. "இயந்திரம் சும்மா நிற்கவே கூடாது" என்று அடம்பிடிக்கும் மேலாளரிடம் காட்ட இந்த மூன்று எண்கள் போதும்.

திட்ட மேலாண்மையை எடுக்கச் சொல்லி எல்லோரும் பரிந்துரைப்பார்கள். நானும் எதிர்க்கவில்லை, இரண்டாம் இடம் தருகிறேன். 1950-களின் கடைசியில் டூபாண்ட் நிறுவனத்தில் பிறந்த முக்கியப் பாதை முறையும், அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையும் வேலைகளைக் கால வரிசையில் அடுக்கும் உத்திகள்; எந்தப் பாடநூலிலும் இருக்கும், மென்பொருளும் வரைந்து கொடுத்துவிடும். நீங்கள் தேட வேண்டியது ஈட்டிய மதிப்புக் கணக்கு. 100 லட்சத் திட்டம். இன்றைக்குள் 50 லட்ச வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 40 லட்ச வேலை, செலவு 55 லட்சம். "செலவு 5 லட்சம் கூடிவிட்டது" என்று சொன்னால் விஷயம் மறைந்துபோகும். செலவழித்த ஒவ்வொரு லட்சத்துக்கும் சுமார் 73 ஆயிரத்துக்குத்தான் வேலை நடந்திருக்கிறது. இதே போக்கில் போனால் திட்டம் 137 லட்சத்தைத் தாண்டித்தான் முடியும். இதைப் பாதி வழியிலேயே சொல்லத் தெரிந்தவர் அரிது. இன்னொரு பயன்: பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வைப் பின்னால் எழுதும் எண்ணம் இருந்தால் அதற்கு 35 மணி நேரப் பயிற்சி காட்ட வேண்டும். பல்கலைக்கழகப் பாடத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம். பாடத்திட்டத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

விடை இல்லாத பாடம் ஒன்று

மூன்று இடம் இருந்தால், ஒன்றில் எண்ணே வராத பாடம் எடுங்கள். நிறுவன நடத்தை, பேச்சுவார்த்தை, பொறியியல் அறவியல் எதுவானாலும் சரி. 'மென்திறன்' என்று இவற்றைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு 1986 ஜனவரி 27 இரவைச் சொல்வேன். சேலஞ்சர் விண்ணோடம் மறுநாள் கிளம்ப வேண்டும், கடுங்குளிர் வருகிறது. பூஸ்டர் ராக்கெட் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஸ்ஜொலி உட்பட, குளிரில் ரப்பர் வளையம் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா தரப்பு தரவு போதாது என்று அழுத்தியது. நிறுவனத்தின் மூத்த துணைத்தலைவர் ஜெரால்ட் மேசன், பொறியியல் துணைத்தலைவர் பாப் லண்டிடம் பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். லண்ட் கருத்தை மாற்றிக்கொண்டார். மறுநாள் காலை ஏவிய 73 நொடிகளில் விண்ணோடம் சிதறியது, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லி, யார் மேல் குற்றம் என்று கேட்டுவிட்டு மணி அடிப்பதோடு நிறுத்தும் ஆசிரியர் வேண்டாம். பொறியாளர்கள் அன்று காட்டிய வரைபடங்களை எப்படி வரைந்திருந்தால் நாசா கேட்டிருக்கும், எதிர்ப்பை எந்த இடத்தில் எழுத்தில் வைத்திருக்கலாம், 'பாதுகாப்பற்றது என்று நிரூபி' என்று பாரம் எப்போது திருப்பப்பட்டது என்று நொடி நொடியாகப் பிரித்து எழுத வைப்பவரிடம் போங்கள். மேலதிகாரி "முடியாதா?" என்று கேட்கும்போது "இந்த வெப்பநிலைக்குக் கீழே முடியாது, காரணம் இது" என்று சொல்வதும் பயிற்சியால் வருவதுதான்.

சந்தையியல், பொருளை வடிவமைக்கப் போகிறவர்களுக்கு மட்டும். தொழில்முனைவு வகுப்பில் உண்மையான வாடிக்கையாளர்களை நேரில் பார்த்துப் பேசச் சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். திட்ட அறிக்கை எழுதுவதோடு முடிந்தால் விட்டுவிடுங்கள். 'தலைமைப் பண்பு' பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, யாராவது கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் பலர் கண்ணில் படாத பாடம். ஆய்வேட்டில் புதிதாக எதையாவது செய்திருப்பவர்கள் இதை முதல் ஆண்டிலேயே எடுக்க வேண்டும். காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்பது எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடிப்பை வெளியிட்டால் அதன் புதுமை போய்விடும் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமையில் அப்படிப் பொதுச் சலுகை கிடையாது. மாநாட்டுக் கட்டுரை, யாரும் வந்து உட்காரக்கூடிய ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு, நூலகத்தில் வைக்கும் பிரதி என எதுவும் வெளியீடாக எண்ணப்படலாம். தேதி குறிக்கும் முன் பல்கலைக்கழகத்தின் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பாடத்திட்டத்தைப் படிக்கும் விதம்

பாடக்குறிப்பில் எல்லாப் பாடமும் அழகாகத்தான் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய பருவத்தின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். நேராக மதிப்பெண் அட்டவணைக்குப் போங்கள். குழு வேலைக்கு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால், உங்கள் மதிப்பெண் யாருடன் சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வகுப்பில் பேசுவதற்குத் தனி மதிப்பெண் இருந்தால், வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் முதல் வாரத்திலிருந்தே பழகிக்கொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் ஈடுகட்ட முடியாது. வாராவாரம் கணக்கோ எழுத்தோ திருத்தித் திருப்பித் தருகிற பாடம் கடினமாக இருக்கும். அதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பிறகு ஆசிரியருக்கு நாலு வரியில் ஒரு மின்னஞ்சல். 'நான் பொறியியல் பின்னணி, கணக்கியல் படித்ததில்லை, முன்தேவைப் பாடம் இல்லாமல் சமாளிக்க முடியுமா? பருவத் திட்டத்தை என் துறைச் சிக்கலை வைத்தே செய்யலாமா?' இரண்டாவது கேள்விக்குச் சம்மதம் வந்தால் அந்தப் பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். செலவுக் கணக்கியல் திட்டத்துக்கு உங்கள் ஆய்வகத்தின் சோதனை ஒன்றுக்கு ஆகும் அடக்கவிலையைப் போடுங்கள். அப்படிப் போட்ட ஒரு தாளை நேர்காணலில் மேசைமேல் வைத்தால், பேச்சு அதைப் பற்றியே போகும்.

எம்பிஏ மாணவர்களோடு உட்காரும் வகுப்பில் வேறொரு சிரமம் வரும். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1920-களில் பரப்பிய நிகழ்வாய்வு முறையில் பாடம் நடக்கும். பதினைந்து இருபது பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் சிக்கல் இருக்கும், பாதித் தகவல் இருக்காது. பொறியியல் மாணவர் 'தரவு போதாது' என்று எழுதிவிட்டுக் கைகட்டி உட்காருவார். பக்கத்தில் இருப்பவர் அரைகுறைத் தகவலை வைத்தே முடிவு சொல்லி மதிப்பெண்ணைத் தட்டிப் போவார். இதற்கு நான் சொல்லும் வழி: முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள், யார், எதை, எப்போதைக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது அங்கே இருக்கும். அடுத்து பின்னிணைப்பு அட்டவணைகள். அங்கிருந்து யாரும் கணக்கிடாத ஓர் எண்ணைக் கணக்கிடுங்கள்: ஒரு வாடிக்கையாளருக்கு லாபம், ஓர் இயந்திரத்துக்கு வருமானம், எதுவாகவும் இருக்கலாம். உங்கள் முடிவை ஒரே வரியில் எழுதிக்கொண்டு வகுப்புக்குள் போங்கள். கணக்கு உங்கள் பலம். அந்த வகுப்பில் அதை எதிர்பார்த்து யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

குழுவில் பொறியாளர் தலையில்தான் எக்செல் வேலை வந்து விழும். அதை மறுக்க வேண்டாம், ஆனால் பரிந்துரைப் பகுதியையும் நீங்களே எழுதக் கேளுங்கள். எண்ணை ஒருவரும் பொருளை இன்னொருவரும் எழுதினால், நீங்கள் கற்க வந்தது பக்கத்து நாற்காலிக்காரருக்குப் போய்விடும்.

பதிவு செய்யும் முன்

வேறு துறைப் பாடம் உங்கள் பட்டத்துக்குக் கணக்கில் சேருமா என்பதை ஆலோசகரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். எழுத்தில் வாங்குங்கள், மின்னஞ்சலே போதும். கேட்க வேண்டியது நாலு விஷயம்: பாடம் முதுநிலை எண்ணில் இருக்கிறதா, துறைக்கு வெளியே எத்தனை கிரெடிட் வரை அனுமதி, இளநிலையில் படித்த பாடத்தோடு மோதுகிறதா, கட்டண விகிதம் வேறா. வணிகப் பள்ளிப் பாடங்கள் பல அரைப்பருவத்தில் முடிந்துவிடும்; கிரெடிட்டும் பாதியாக இருக்கும். 3 கிரெடிட் தேவைப்படும் இடத்தில் 1.5 கிரெடிட் பாடத்தைப் போட்டுவிட்டுக் கடைசிப் பருவத்தில் மீதியைத் தேடி அலைகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அரைப்பருவப் பாடத்தை விட்டு விலகும் கடைசித் தேதியும் முன்னதாகவே வரும், உங்கள் துறை நாட்காட்டியில் அது இருக்காது.

வரிசை இப்படி இருக்கட்டும்: கணக்கியல் முதல் பருவத்தில், நிதியியலோ திட்ட மேலாண்மையோ அதற்கடுத்து, விடை இல்லாத பாடம் ஆய்வேடு எழுதும் பருவத்தில். கணக்கியல் இல்லாமல் நிதியியலில் நுழைந்தால் முதல் மூன்று வாரம் இருப்புநிலைக் குறிப்பை எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே போகும். காப்புரிமைப் பாடம் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்று தெரிந்தால் இந்த வரிசையைக் கலைத்துவிட்டு அதை முதலில் எடுங்கள்.